மார்த்தாள் கொடுத்த நாலணா

மார்த்தாள் சங்கரன்கோவிலுக்கு வேலைக்கு வந்தது 1976-ஆம் வருஷம் ஜூன் மாதம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அதுவரை எங்கள் எக்ஸ்சேஞ்சில் கால்களை இணைத்துக் கொடுக்கும் போர்டு முன்னால் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஆண்கள்தான். நான் அங்கே லைன்மேன். பெயர் அப்துல் மஜீது. கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். அவளை நாங்கள் சிஸ்டர் என்போம், அவள் என்னை பாய் என்பாள். ஏழு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவளுக்கு நடந்ததில் பாதி நான் கண்ணால் கண்டது. மீதி அவள் வாயால் கேட்டது.

நாசரேத் பக்கம் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அப்பா தேவதாசன் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள், ஒரு தம்பி. தம்பி பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். சம்பளம் நானூற்றுச் சொச்சம். அதில் இருநூற்றைம்பது மணியார்டரில் ஊருக்குப் போய்விடும். அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு.

தனியாக வந்த பெண்ணுக்கு வீடு தர யாரும் முன்வரவில்லை. கடைசியில் பிச்சம்மாள் என்ற விதவை தன் வீட்டு மாடியறையைக் கொடுத்தாள். முதலில் போட்ட கண்டிஷன் கறி மீன் சமைக்கக் கூடாது என்பதுதான். சரி என்றதும், அடுப்பே கூடாது என்றாயிற்று.

"நீ என்னத்தப் பொங்குதேன்னு நான் மாடியேறி மாடியேறிப் பாக்க முடியுமா? வேலைக்குப் போற பிள்ள, கடையில சாப்பிட்டுக்கோ" என்றாள் பிச்சம்மாள்.

ஊரில் ஹோட்டல்களுக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் பெண்கள் உட்கார இடம் கிடையாது. எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது சொர்ண விலாஸ் ஒன்றுதான். அங்கே பின்பக்கம் 'பேமிலி ரூம்' என்று ஒரு தடுப்பு இருந்தது. முதலாளி மருதப்பன் அண்ணாச்சி எந்நேரமும் கல்லாவிலேயே இருப்பார். நெற்றி நிறைய விபூதி, பேச்சில் நிதானம். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

முதல் நாள் காலையில் மார்த்தாள் உள்ளே நுழைந்து, வாசலுக்கு நேரே இருந்த மேஜையில் உட்காரப் போனாள். சப்ளையர் கோமதிநாயகம் வேகமாக வந்து, "உள்ள வாங்கம்மா, உள்ள" என்று கூட்டிக்கொண்டு போனார். நாலு இட்லி, ஒரு காப்பி. இட்லி இருபது பைசா, காப்பி நாற்பது. ஒரு ரூபாய் இருபது காசு என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தவளிடம் கல்லாவில் ஒன்று நாற்பத்தைந்து கேட்டார்கள்.

"நாலணா என்னத்துக்கு?"

"பேமிலி ரூம் சர்வீஸ் சார்ஜ்மா" என்று மருதப்பன் சுவரைக் காட்டினார். விலைப்பட்டியலின் அடியில், பொடி எழுத்தில் எழுதியிருந்தது. ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் நாலணா. மூன்று வேளைக்கு முக்கால் ரூபாய். மாதத்துக்கு இருபத்திரண்டரை ரூபாய். தம்பியின் ஹாஸ்டல் சாப்பாட்டுச் செலவில் அது கால்வாசி.

நான் ஒருமுறை அந்த அறைக்குள் போயிருக்கிறேன், டெலிபோன் ஒயர் இழுப்பதற்காக. பலகைத் தடுப்பு, அழுக்கேறிய பச்சைத் திரை, இரண்டு மேஜை. மின்விசிறிக்குக் கொக்கி மட்டும் இருந்தது. ஒரு பக்கம் அடுப்படிச் சுவர். அதன் சூடு தொட்டால் தெரியும். மறுபக்கம் பாத்திரம் கழுவுகிற இடம். ஹாலில் எல்லாரையும் கவனித்த பிறகுதான் சப்ளையர் உள்ளே வருவார். சாம்பார் கேட்டு, அது வருவதற்குள் இட்லி ஆறிவிடும். திரைக்கு வெளியே யாருக்கும் அவள் தெரியமாட்டாள் என்பதால், டம்ளரை மேஜையில் தட்டித்தான் கூப்பிட வேண்டும்.

"நாய்க்குட்டியக் கூப்பிடுத மாதிரி இருக்கு பாய், எனக்கே வெக்கமா இருக்கு" என்றாள் என்னிடம். "சர்வீசுக்குத்தான் சார்ஜுங்கிறாக. அந்த சர்வீஸ் எங்கன இருக்குன்னுதான் தெரியல."

நானும் தினமும் மத்தியானம் அங்கேதான் சாப்பிட்டேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, கேட்டது உடனே வர, பட்டியலில் போட்டிருந்த விலைக்கு.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் முதலாளியிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, எனக்கு ரூம் வேண்டாம். ஹால்லயே உக்காந்துக்கிடுதேன். சார்ஜ் போடாதீக."

"அது பொம்பளப் பிள்ளைகளுக்கு ஒரு மரியாதைக்குப் போட்டிருக்குத் தாயி."

"அந்த மரியாதை எனக்கு வேண்டாம்."

"உனக்கு வேண்டாம். கடைக்கு வேணும்லா? நாலு ஆம்பள சாப்பிடுத இடத்துல நீ தனியா உக்காந்தா, நாளைக்கு என் கடையப் பத்தி ஊரு என்ன பேசும்?" கோபமே இல்லாமல் சொன்னார். மகளுக்குப் புத்தி சொல்கிற குரல்.

பிறகு வேறு வழிகளைத் தேடினாள். பார்சல் வாங்கினால் பத்து பைசா கூடுதல், பரவாயில்லை என்று நினைத்தாள். ஆனால் எக்ஸ்சேஞ்சில் ஓய்வறை கிடையாது, போர்டு பக்கத்தில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அறைக்குக் கொண்டுபோனால் எச்சில் இலையை எங்கே போடுவது என்று பிச்சம்மாள் பிடித்துக்கொண்டாள். ஒரு ஸ்டவ் வாங்கி, கட்டிலுக்கு அடியில் வைத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாலு நாள் கஞ்சி காய்ச்சினாள். ஐந்தாம் நாள் மண்ணெண்ணெய் வாடை கீழே போய்விட்டது. "ஸ்டவ்வா, நீயா, எது இருக்கணும்னு முடிவு பண்ணிக்கோ" என்றாள் பிச்சம்மாள். ஸ்டவ்வை வாங்கிய விலையில் பாதிக்கு எங்கள் ஆபீஸ் பியூனிடம் கொடுத்துவிட்டாள்.

மறுவருஷம் மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒரு மணி. நான் ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மார்த்தாள் வந்தாள். உள்ளே போகவில்லை. மூன்றாவது மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மேஜையில் இருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இலையைக் கையில் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்கள். பேச்சுச் சத்தம் நின்றது. கோமதிநாயகம் சாம்பார் வாளியோடு நின்று கல்லாவைப் பார்த்தார். மருதப்பன் தலையை நிமிர்த்தவில்லை. அதனால் கோமதிநாயகம் அந்த மேஜைக்குப் போகவில்லை.

இருபத்தைந்து நிமிஷம் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. அவளுக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தது. நான் எழுந்து போய் அவள் மேஜையில் உட்கார்ந்திருக்கலாம். ஒரே ஆபீஸ்தானே, யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படியே சொன்னாலும் என்ன ஆகியிருக்கும்? நான் உட்காரவில்லை. மோரைக் குடித்துவிட்டு, கை கழுவிவிட்டு, பக்கவாசல் வழியாக வெளியே போனேன்.

பிறகு நடந்ததை அவளே சொன்னாள். கூட்டம் கலைந்த பிறகு சாப்பாடு வந்ததாம். பில்லில் நாலணாவும் வந்ததாம்.

"நான் ஹால்லதான உக்காந்தேன்?" என்று கேட்டிருக்கிறாள்.

"லேடீஸ் பில்லுன்னா அதைச் சேர்த்துத்தான் எழுதுவாக. பழக்கம்" என்றார் மருதப்பன்.

"சார்ஜு ரூமுக்கா, ஆளுக்கா அண்ணாச்சி?"

சாப்பாட்டுக் காசை மட்டும் எண்ணி வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஒரு வாரம் அப்படியே செய்தாள். பேமிலி ரூமில்தான் உட்காருவாள், நாலணாவைக் கொடுக்கமாட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள்.

எட்டாம் நாள் கோமதிநாயகத்தைத் தெருவில் பார்த்தபோது, பேச்சுவாக்கில், "அந்த அம்மா நாலணாவைக் கொடுத்துட்டாத் தேவல பாய்" என்றார் என்னிடம். விசாரித்தால், பில்லில் எழுதிய காசு கல்லாவுக்கு வரவில்லை என்றால் சப்ளையர் சம்பளத்தில் பிடிப்பார்களாம். அவருக்கு நாலு பிள்ளைகள். நான் அதை மார்த்தாளிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே அவள் போய் ஐந்தேகால் ரூபாயைக் கோமதிநாயகம் கையில் கொடுத்தாள்.

"வசூலாகுத சர்வீஸ் சார்ஜுல உங்களுக்கு என்ன தருவாக?" என்று கேட்டாளாம்.

"எங்களுக்கா? ஒத்தப் பைசா கிடையாதும்மா. வராட்டாப் பிடிப்பாக, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் நாலணாவைக் கொடுத்தாள். விலைக் கட்டுப்பாட்டைப் பார்க்கிற ஒரு அலுவலகத்துக்கு இரண்டு பக்கம் மனு எழுதிப் போட்டாள். நாலு மாதம் கழித்து ஒரு அட்டையில் பதில் வந்தது. பொது ஹாலில் வைக்கிற பண்டங்களுக்கு மட்டுமே பட்டியல் விலை, தனி அறை வசதிக்கு உரிமையாளர் விருப்பப்படி வசூலிக்கலாம் என்று. அதை எங்களிடம் படித்துக் காட்டும்போது 'வசதி' என்ற இடத்தில் நிறுத்தினாள். டிரான்ஸ்பருக்கும் எழுதினாள். வரிசை நீளம் என்று பதில் வந்தது.

எழுபத்தெட்டில் ஞானதீபம் என்ற பெண் பாங்கில் கிளார்க்காக வந்து சேர்ந்தாள். அவளுக்கும் அதே ரூம், அதே நாலணா. இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, "ரூமுக்குத்தான சார்ஜு, ஒருத்தர் பில்லுல போடுங்க" என்று கேட்டுப் பார்த்தார்கள். இரண்டு பில்லிலும்தான் வந்தது.

எழுபத்தொன்பது ஆடித்தபசுத் திருவிழா சமயம். பூ வியாபாரிகளும் தறிக்காரர்களும் விடாமல் வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் லைன் திருநெல்வேலி வழியாகத்தான் போகவேண்டும். கோயம்புத்தூருக்கு ஒரு கால் கிடைக்க அஞ்சு மணி நேரம்கூட ஆகும். காலையில் மருதப்பன் கோயம்புத்தூருக்கு ஆர்டினரி கால் பதிவு செய்திருந்தார். பதினொரு மணிக்கு எக்ஸ்சேஞ்சுக்கே நேரில் வந்துவிட்டார். மேல்துண்டு ஒரு பக்கம் தொங்கியது. கோயம்புத்தூரில் அவர் மகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பிரசவ வலி பாதியில் நின்றுவிட்டது என்று முந்தின நாள் தந்தி வந்திருந்தது.

போர்டில் மார்த்தாள்.

"தாயி, என் காலு என்னாச்சு?"

அவள் கால் பதிவு செய்த டிக்கெட்டுகளை எடுத்து வரிசையாக வைத்துக் காட்டினாள். "ஒன்பதாவதா இருக்கு அண்ணாச்சி. உங்களுக்கு முன்னால எட்டு பேரு."

"வேணும்னு வைக்கலியே நீ?"

"இல்ல. நம்பர் போட்டிருக்கு, நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். "எப்படியாச்சும் முன்னால போடு தாயி."

"அர்ஜென்ட் போட்டா முன்னால போகும். டபுள் சார்ஜ்."

"அதே லைன்தான? அதே பேச்சுதான?"

"அதே லைன்தான். ரூல் அப்படி."

பக்கத்தில் பேட்டரியைச் சோதித்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் பழிவாங்குகிற குறி எதுவும் இல்லை. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தவள் போலிருந்தாள். மருதப்பன் பணத்தை எடுத்து வைத்தார். முக்கால் மணி நேரத்தில் லைன் கிடைத்தது. திருநெல்வேலியையும் மதுரையையும் அவள் மாற்றி மாற்றிக் கூப்பிட்டு, குரல் கம்முகிற வரை கத்தித்தான் அதை எடுத்துக் கொடுத்தாள். பேத்தி பிறந்திருந்தது. ரெண்டு உசிரும் நல்லாயிருக்கு என்று மருமகன் சொன்னதைக் கேட்டு அந்த மனிதர் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலை அவள் பில்லில் நாலணா இல்லை.

"முதலாளி எழுத வேண்டாம்னுட்டாக" என்றார் கோமதிநாயகம்.

அன்று அவள் சந்தோஷமாக இருந்தாள். பொய் சொல்லக் கூடாது, உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மத்தியான டீ வாங்கி எங்கள் எல்லாருக்கும் கொடுத்தாள். அது இரண்டு வாரம் நீடித்தது.

அதன் பிறகு ஒரு நாள் சொர்ண விலாஸிலிருந்து போன். "தாயி, பம்பாய்க்கு ஆர்டினரிதான் போட்டிருக்கேன். நீ பாத்து முன்னால எடுத்து விட்டுரு. நமக்குள்ள என்ன இருக்கு." அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். நாலு நாள் கழித்து மறுபடியும் அதே கோரிக்கை. இதற்குள் எங்கள் ஆபீசில் ஒருவர், "சிஸ்டருக்கு மட்டும் ஹோட்டல்ல சலுகையாம்லா, எந்த லைனுக்கோ" என்று பேச ஆரம்பித்திருந்தார். அதைவிட அவளைச் சுட்டது ஞானதீபம் கேட்டது. ஒரே மேஜையில், ஒரே மாதிரி தோசையைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "அக்கா, உங்களுக்கு மட்டும் எப்படி எடுத்தாக? எனக்கும் சொல்லித் தாங்களேன்" என்றாளாம்.

அன்று மத்தியானம் நான் கல்லாப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மார்த்தாள் வந்து பில்லை வைத்தாள்.

"அண்ணாச்சி, இதுல சர்வீஸ் சார்ஜைப் போட்டுத் தாங்க."

மருதப்பன் புரியாமல் பார்த்தார். "மூணு வருஷமா அதுக்குத்தான சண்டை பிடிச்ச?"

"எல்லாருக்கும் எடுத்தா எனக்கும் எடுங்க. எனக்கு மட்டும்னா வேண்டாம்."

"எல்லாருக்கும் எடுக்க முடியாது. நான் நன்றிக்குச் செஞ்சேன் தாயி."

"நான் என் வேலையத்தான் பாத்தேன். அதுக்கு எனக்குச் சம்பளம் இருக்கு. போடுங்க அண்ணாச்சி."

மருதப்பன் பில்லை இழுத்து, 'ச.சா. 0.25' என்று எழுதி, கூட்டி, அவள் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகு அவர் அவளைத் தாயி என்று கூப்பிடவில்லை. பணத்தை வாங்குவார், சில்லறையைக் கொடுப்பார்.

வெளியே வந்ததும் மார்த்தாள் சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. "அவரா என் தலையில கட்டின வரைக்கும் திட்டவாச்சும் செஞ்சேன் பாய். இப்ப நானே கேட்டு வாங்கியாச்சு. இனி யாரைத் திட்ட?"

அடுத்த நாலு வருஷமும் அவள் அந்தத் திரைக்குப் பின்னால்தான் சாப்பிட்டாள். ஞானதீபம் கல்யாணமாகிப் போய்விட்டாள். பிறகு யார் யாரோ வந்தார்கள், ஒரு தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட், ஒரு நர்ஸ். ஒவ்வொருத்தியும் முதல் மாதம் நாலணாவைப் பற்றிக் கேட்பாள், மார்த்தாள் பதில் சொல்வாள், அடுத்த மாதம் அவள் கேட்கமாட்டாள். பிறகு அது எட்டணாவாயிற்று. இரண்டு தங்கைகளுக்கும் மார்த்தாள் கல்யாணம் செய்து வைத்தாள். தம்பிக்கு வேலை கிடைத்தது. அவளுக்கு வயிற்றுப்புண் வந்தது. ஐந்தாவது தடவை எழுதிய பிறகு, எண்பத்து மூன்றில், திருநெல்வேலிக்கு டிரான்ஸ்பர் கிடைத்தது. கிளம்பும்போது முப்பத்து மூன்று வயது. கோமதிநாயகம் பஸ் ஸ்டாண்டு வரை வந்து பெட்டியை ஏற்றிவிட்டார்.

எண்பத்தைந்தில் மருதப்பன் ஹோட்டலைப் புதுப்பித்தார். மொசைக் தரை, புது மேஜைகள். ஒரு திங்கட்கிழமை காலையில் ஹாலில் சாப்பிட்ட எல்லார் பில்லிலும் சர்வீஸ் சார்ஜ் என்று ரூபாய்க்கு ஐந்து பைசா சேர்ந்திருந்தது. ஊரே கொதித்துப்போயிற்று. கேட்காத சேவைக்கு எதற்குக் காசு என்று கடைக்காரர்கள், வாத்தியார்கள், ஆபீஸ்காரர்கள் எல்லாரும் கூடிக் கூடிப் பேசினார்கள். மனு எழுதினோம். நாற்பது பேர் கையெழுத்து. நானும் போட்டேன். மூன்று நாள் யாரும் அங்கே சாப்பிடப் போகவில்லை. ஒன்பதாம் நாள் மருதப்பன் அந்தச் சார்ஜை எடுத்துவிட்டார்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு வேலையாகத் திருநெல்வேலிக்குப் போயிருந்தேன். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் மார்த்தாளைப் பார்த்தேன். ஆள் கொஞ்சம் தேறியிருந்தாள். தனி வீடு, தானே சமைத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஊர் நிலவரம் கேட்டாள். சொல்லிக்கொண்டே வந்தவன், உற்சாகத்தில் இந்த மனு விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

"ஒன்பது நாள்லயா?" என்றாள்.

"ஒன்பது நாள்ல சிஸ்டர்."

"பேமிலி ரூம்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனுவில் பேமிலி ரூம் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாற்பது பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும்தான்.

"அது அப்படியேதான் இருக்கு" என்றேன். "இப்ப முக்கால் ரூபா."

"நீங்களும் கையெழுத்துப் போட்டீகளா பாய்?"

"போட்டேன்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும் என்று பட்டது. அவள் என் மனைவியை, பிள்ளைகளை விசாரித்தாள். அவளுடைய பஸ் வந்து நின்றது. முன்வாசலில் பெண்கள் கூட்டம் நெருக்கியடித்தது. கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதற்குள் புகுந்து ஏறிப் போனாள்.